உப்புக் காற்றும் கறுப்புப் பூச்சும்: நயினாதீவில் ஒரு றேடியேற்றருக்கு வர்ணம் பூசுதல்

மோட்டார் சைக்கிளின் றேடியேற்றருக்கும் ஒயில் கூலருக்கும் கறுப்பு வர்ணம் பூசினால் எஞ்சின் விரைவாகக் குளிரும் என்ற நம்பிக்கை கராஜ்களிலும் வீட்டு முற்றங்களிலும் நெடுங்காலமாக நிலவி வருகிறது. அதில் உண்மை உண்டு. ஆனால் அந்த உண்மையை எண்ணாக்கிப் பார்த்தால் அது கைப்பிடிக்குள் அடங்கிவிடும் அளவே ஆகும். யாழ்ப்பாணத்தை அடுத்து நாற்புறமும் கடல் சூழ, ஏறக்குறைய நான்கு சதுர கிலோமீற்றர் பரப்பில் அமைந்த நயினாதீவில் அதே கறுப்புப் பூச்சுக்கு வேறொரு வேலை காத்திருக்கிறது. அலுமினியத்தை உப்பு தின்னாமல் காப்பதே அந்த வேலை. குளிர்விப்பதற்காகப் பூசுகிறோம் என்று எண்ணித் தடிப்பாகப் பூசுபவர் குளிர்ச்சியையும் காப்பையும் ஒருங்கே இழக்க நேரிடும் என்பதால், இந்த இரண்டையும் பிரித்து அறிந்துகொள்வது தீவில் வண்டி வைத்திருப்போருக்கு இன்றியமையாதது.

முதலில் பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. றேடியேற்றர் என்பது எஞ்சினைச் சுற்றி ஓடிச் சூடேறிய குளிர்நீரை மெல்லிய அலுமினியக் குழாய்களினூடாகச் செலுத்தி, அக்குழாய்களுக்கு இடையே அடுக்கப்பட்ட மடிப்புத் தகடுகளின் வழியே அதன் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கும் கருவி. அந்தத் தகடுகளைக் கராஜ்களில் ‘பின்’ என்பார்கள். ஒயில் கூலர் தோற்றத்தில் அதன் தம்பியைப் போன்றது. அதனுள் தண்ணீருக்குப் பதிலாக எஞ்சின் ஒயில் ஓடுகிறது. இவை இரண்டும் இல்லாத காற்றுக்குளிர் எஞ்சினில் சிலிண்டரைச் சுற்றி வார்க்கப்பட்ட தகடுகளே இந்த வேலையைச் செய்கின்றன. இலங்கை வீதிகளில் ஓடும் வண்டிகளில் பஜாஜ் பல்சர் 220, ரிவிஎஸ் அப்பாச்சி ஆர்ரிஆர் 200 4வி ஆகியவை ஒயில் கூலர் கொண்டவை. பல்சர் என்எஸ் 200, யமஹா ஆர் 15 ஆகியவை றேடியேற்றர் கொண்டவை. தீவுப்பகுதிகளில் மிகுதியாகக் காணப்படும் சிறிய வண்டிகள் காற்றுக்குளிர் வகையைச் சேர்ந்தவை என்றாலும், இங்கு சொல்லப்படுவனவற்றில் பெரும்பகுதி அவற்றின் சிலிண்டர்த் தகடுகளுக்கும் பொருந்தும்.

இந்தப் பாகங்களை ஏன் இத்தனை அக்கறையோடு பேணவேண்டும் என்ற கேள்விக்கு விடை நாட்டின் அண்மைய வரலாற்றில் இருக்கிறது. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கான கதவு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ஏறக்குறைய ஐந்தாண்டுக் காலம் பழைய வண்டியையே திருத்தித் திருத்தி ஓட்டவேண்டிய நிலையில், துளை விழுந்த ஒரு றேடியேற்றர் வண்டியையே முடக்கிவிடக்கூடிய பாகமாக மாறியது. பெருநிலப்பரப்பில் இருப்பவருக்கே இந்த நிலை என்றால், பாலம் எதுவும் எட்டாத நயினாதீவில் ஒவ்வொரு பாகமும் யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணை, வேலணை, புங்குடுதீவு ஆகியவற்றைத் தாண்டிக் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, அங்கிருந்து படகேறியே வீடு சேரவேண்டும். வண்டியே அப்படித்தான் வந்து சேர்கிறது: படகில் கிடத்தியோ நிறுத்தியோ கட்டப்பட்டு, அலை தெறிக்கும் கடல்நீரைத் தகடுகளுக்கிடையே வாங்கிக்கொண்டு அது தீவில் கால் வைக்கிறது.

கடல்வழி வந்த பொருளுக்கும் இத்தீவுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டொன்று நயினாதீவில் உள்ளது. ஊர்காவற்றுறைக்கு, அக்கால வழக்கில் ஊராத்துறைக்கு, வரும் பரதேசிகளை (வெளிநாட்டாரை) காக்கவேண்டும் என்று கூறும் அக்கல்வெட்டு, உடைந்துபோகும் மரக்கலங்களைப் பற்றியும் விதி செய்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கலம் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் உரியவை. வாணிகச் சரக்கு ஏற்றிய கலமாயின் சரிபாதி பண்டாரத்துக்கு உரியது. அரசன் எடுக்கும் பங்குக்கு அந்தக் கல்லில் வரையறை இருக்கிறது. கடல் எடுக்கும் பங்குக்கு வரையறை இல்லை. கவனிப்பாரற்று விடப்பட்ட உலோகத்தை அது முழுவதுமாகவே எடுத்துக்கொள்ளும்.

அது எடுக்கும் விதம் அறியத்தக்கது. அலுமினியம் காற்றுப் பட்ட கணத்திலேயே தன் மேல் ஒரு மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. சில நனோமீற்றர் தடிப்பே உள்ள அந்தப் படலம்தான் உள்நாட்டில் அதைப் பல ஆண்டுகள் காத்து நிற்கிறது. கடலுப்பில் உள்ள குளோரைட்டு அயன்கள் அந்தப் படலத்தின் பலவீனமான புள்ளிகளில் புகுந்து, ஊசி குத்தியது போன்ற குழிகளை உண்டாக்குகின்றன. தகடுகளின் மேல் வெண்பொடி பூத்திருப்பதைக் கண்டால், கீழே அத்தகைய குழிகள் தோண்டப்பட்டுக்கொண்டிருக்கின்றன என்று பொருள். கடலுப்பு வெறும் சோடியம் குளோரைட்டு அன்று என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். சோடியம் குளோரைட்டு காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் ஈரத்தை இழுத்துக் கரைகிறது. அதனோடு கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டோ 33 சதவீதத்திலேயே கசியத் தொடங்கிவிடுகிறது. தீவுக் காற்று அவ்வளவுக்கு உலர்வதில்லை ஆதலால், ஒருமுறை படிந்த உப்பு நண்பகல் வெயிலிலும் ஈரமாகவே இருந்து தன் வேலையைத் தொடர்கிறது. உப்பை மழையில்லா நாளில் திறந்து வைத்தாலும் பிசுபிசுக்கும் அனுபவம் தீவின் அடுக்களைகளுக்குப் புதியதன்று. அதே நிகழ்ச்சிதான் றேடியேற்றரின் மடிப்புகளுக்குள்ளும் நடக்கிறது.

ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று, யாழ்ப்பாண வழக்கில் சோளகம், இந்த உப்பைத் தூவும் கை எனலாம். நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளிலும் காற்றாலும் சூரிய ஒளியாலும் மின்சாரம் ஆக்கும் திட்டத்துக்கு இந்தியாவும் இலங்கையும் 2022 மார்ச்சில் உடன்பட்டதற்கு இங்குள்ள காற்றின் வலுவும் ஒரு காரணம். தீவின் நாகபூசணி அம்மன் கோயிலின் ஆனி மாதப் பெருந்திருவிழாவும் இதே சோளகக் காலத்தில்தான் வருகிறது. அந்நாட்களில் அடியார்கள் தங்கள் மோட்டார் சைக்கிள்களைக் குறிகட்டுவான் துறையருகே திறந்த வெளியில் நிறுத்திவிட்டுப் படகேறுகிறார்கள். அவர்கள் தரிசனம் முடித்துத் திரும்பும் மணித்தியாலங்களில் வண்டியின் முகம் கடலுக்கு நேரே திரும்பி நிற்குமானால், ஒரு மாதத்து உப்பை ஒரே நாளில் அது வாங்கிக்கொள்ளக்கூடும்.

இனி வெப்பத்தின் கணக்குக்கு வருவோம். கறுப்பு மேற்பரப்பு வெப்பத்தை மிகுதியாகக் கதிர்வீசும் என்ற அறிவு 1804 இல் ஸ்கொட்லாந்து அறிஞர் ஜோன் லெஸ்லி செய்த சோதனைகளால் உறுதிபெற்றது. கொதிநீர் நிரப்பிய ஒரு கனசதுரத் தகரப் பாத்திரத்தின் பக்கங்களில் ஒன்றைப் பளபளப்பாகவும், ஒன்றில் விளக்குக்கரி பூசியும், ஒன்றில் கடதாசி ஒட்டியும் அவர் ஒப்பிட்டபோது, பளபளத்த உலோகம் மிகக் குறைவாகவே வெப்பத்தை வீசியது. கரி பூசிய பக்கம் மிகுதியாக வீசியது. ஆனால் வெள்ளைக் கடதாசி ஒட்டிய பக்கமும் கரிக்கு ஏறக்குறைய இணையாக வீசியது என்பதைப் பலர் நினைவிற் கொள்வதில்லை. கண் காணும் நிறம் வேறு, அகச்சிவப்புக் கதிரில் மேற்பரப்பு நடந்துகொள்ளும் விதம் வேறு. 90 பாகை செல்சியஸில் நிற்கும் ஒரு றேடியேற்றருக்குக் கறுப்பு வர்ணம் பூசினாலும் வெள்ளை வர்ணம் பூசினாலும் கதிர்வீச்சு ஏறக்குறைய ஒன்றே. வெறும் அலுமினியத்தோடு ஒப்பிடும்போதே வித்தியாசம் தோன்றுகிறது.

அந்த வித்தியாசம் எவ்வளவு? ஸ்டெபான்–போல்ட்ஸ்மான் விதிப்படி, 90 பாகையில் உள்ள ஒரு கறுத்த மேற்பரப்பு 32 பாகைச் சூழலில் ஒரு சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 440 வாற்று வெப்பத்தை வீசும். பூசப்படாத அலுமினியம் அதில் ஒன்பதில் ஒரு பங்கை வீசலாம். றேடியேற்றரின் உள்தகடுகள் ஒன்றையொன்று பார்த்து நிற்பதால் அவை வீசும் கதிர் எதிர்த்தகட்டிலேயே விழுந்துவிடுகிறது. வெளியுலகைப் பார்க்கும் முன்முகமும் பின்முகமும் மட்டுமே கணக்கில் சேரும். முகம் 20 சென்ரிமீற்றர் நீளமும் 15 சென்ரிமீற்றர் உயரமும் கொண்டது என்று வைத்தால், இரு முகங்களின் பரப்பு 0.06 சதுர மீற்றர். கறுப்புப் பூச்சு சேர்க்கும் நயம் 25 வாற்றுக்கும் குறைவு. எஞ்சின் எரிபொருளிலிருந்து பெறும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்கும், இன்னொரு பங்கு புகைக்கும், மற்றொன்று குளிர்விப்புக்கும் போகும் என்பது பாடநூல்கள் கூறும் பருமட்டான கணக்கு. 5 கிலோவாற்று வலுவோடு ஓடும் வண்டியின் றேடியேற்றர் அதே அளவு, அதாவது 5,000 வாற்று வெப்பத்தை இறக்கவேண்டியிருக்கும். அதில் 25 வாற்று என்பது அரைச் சதவீதம். றேடியேற்றர் என்ற பெயருக்குக் கதிர்வீசி என்று பொருள் இருந்தாலும், அதன் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது தகடுகளுக்கிடையே ஊடறுத்துச் செல்லும் காற்றே.

இலாபம் இவ்வளவு சிறியதாயிருக்க, நட்டம் எவ்வளவு என்பதையும் எடைபோடவேண்டும். வர்ணப்படலத்தின் வெப்பங்கடத்துதிறன் அலுமினியத்தினதில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. 20 மைக்ரோன் தடிப்பில், அதாவது தலைமயிரிழையின் தடிப்பில் மூன்றில் ஒரு பங்கிலும் குறைவாக, ஒரே சீராகப் பூசினால் அந்தத் தடையால் இழக்கப்படுவது ஒரு சதவீதத்துக்கு உட்பட்டதாகவே இருக்கும். அதே பூச்சு 100 மைக்ரோனாகத் தடித்தால் இழப்பு ஐந்து சதவீதம் வரை ஏறலாம். அதைவிடப் பெரிய இழப்பு காற்றின் வழி அடைபடுவதால் வருகிறது: தகடுகளுக்கிடையே 1.2 மில்லிமீற்றர் இடைவெளி இருக்குமானால், இருபுறமும் 50 மைக்ரோன் வர்ணம் அந்த வழியில் பன்னிரண்டில் ஒரு பங்கை மூடிவிடும். இடையிடையே வர்ணம் திரண்டு பாலமிட்டுவிட்டால் அந்த அறைகள் காற்றுக்கு முற்றாக இல்லாமற் போகும். எனவே மெல்லிய பூச்சால் வெப்பத்தில் நயமும் இல்லை, நட்டமும் இல்லை; தடித்த பூச்சால் நட்டம் மட்டுமே உண்டு.

காற்றுக்குளிர் எஞ்சினின் சிலிண்டர்த் தகடுகள் இதற்குச் சிறு விலக்காகும். அவை 150 பாகைக்கு மேலும் சூடேறுபவை. கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் அடுக்கோடு ஏறுவதால், வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது, அல்லது ஓடிவந்த வண்டி காற்றில்லா இடத்தில் நிற்கும்போது, கறுப்புப் பூச்சின் உதவி கணக்கில் எடுக்கத்தக்க அளவை அடைகிறது. யாழ்ப்பாணத்தில் எஞ்சினின் சூட்டைப் பற்றிய கவலைக்கு ஒரு தனி வரலாறும் உண்டு. 1990களின் முற்பகுதியில் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராதிருந்தபோது, மோட்டார் சைக்கிள்கள் சில துளிப் பெற்றோலில் உயிர்ப்பிக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டன. ஜப்பானியத் தபால் சேவைக்கென ஹொண்டா செய்த எம்.டி. 90 போன்ற வண்டிகள் அந்தக் கொடுமையையும் தாங்கின. மண்ணெண்ணெயின் ஒக்ரேன் எண் தாழ்ந்தது என்பதால் எஞ்சின் தட்டும், தட்டினால் சூடேறும். அந்தச் சூட்டோடு போராடி வண்டியைக் காத்த கைகளின் நினைவில் குளிர்ச்சி ஒரு பெரும் பேறாகப் பதிந்திருப்பது இயல்பே. கறுப்பு வர்ணத்தின் மீதான நம்பிக்கையை அறியாமை என்று தள்ளிவிடுவது அந்த உழைப்புக்கு நியாயமாகாது.

ஆயினும் தீவில் இப்பூச்சைச் செய்து பார்ப்போர் திரும்பத் திரும்பச் செய்யும் பிழைகள் சில உள்ளன. முதலாவது பிழை, புகைக்குழாய்க்கென விற்கப்படும் 600 பாகை தாங்கும் ஸ்பிரே வர்ணத்தைத் தேர்ந்தெடுப்பது. மிகுந்த சூட்டைத் தாங்குவதே நல்ல வர்ணம் என்று தோன்றுவது எளிது. ஆனால் சிலிக்கோன் அடிப்படையிலான அவ்வகை வர்ணங்களிற் பல 200 பாகை அளவில் சுடப்பட்டால்தான் முழுமையாக இறுகுகின்றன. றேடியேற்றரும் ஒயில் கூலரும் 90 முதல் 120 பாகைக்குள் நிற்பவை. அங்கே அந்த வர்ணம் ஒருபோதும் வேகாமல் மென்மையாகவே இருந்து, ஒரு துளி பெற்றோல் பட்டதும் கரைந்து வழிந்துவிடும். இவற்றுக்கு 150 பாகை வரை தாங்கும் எனாமலோ, றேடியேற்றருக்கென்றே செய்யப்பட்ட மெல்லிய கறுப்பு வர்ணமோ போதும்.

இரண்டாவது பிழை கம்பிப் பிரஷ்ஷால் தேய்ப்பது. இரும்புக் கம்பியின் நுண்துகள்கள் அலுமினியத்தில் பதிந்து, உப்பீரத்தில் இரு உலோகங்களும் ஒரு சிறு மின்கலமாக மாறி, அலுமினியமே கரையும் பக்கமாகிவிடுகிறது. பழைய பற்தூரிகையும் சவர்க்கார நீரும் இதற்கு மேலானவை. காரம் மிகுந்த கோஸ்ரிக் சோடா அலுமினியத்தையே கரைத்துவிடும் என்பதால் அதை அண்ட விடக்கூடாது. உயர் அழுத்தக் குழாயால் பீச்சினால் தகடுகள் மடிந்து காற்று வழி மூடிக்கொள்ளும்.

மூன்றாவது பிழையே எல்லாவற்றிலும் பெரியது: உப்பின் மேலேயே பூசிவிடுவது. வர்ணப்படலம் நீரைத் தடுக்கும் சுவர் என்று தோன்றினாலும், நீராவி அதனூடாக மெல்ல ஊடுருவிச் செல்லும். அடியில் உப்பு இருந்தால் அது அந்த நீரை உள்ளே இழுத்துச் சேர்த்து, பூச்சைக் கொப்புளமாக உயர்த்தி, அதன் மறைவில் உலோகத்தை அரிக்கிறது. பூசாத றேடியேற்றரில் வெண்பொடி கண்ணுக்குத் தெரியும். உப்பின் மேல் பூசிய றேடியேற்றரில் அரிப்பு கறுப்பின் கீழ் ஒளிந்துகொள்ளும். ஒருநாள் குளிர்நீர் சொட்டும்போதுதான் உடையவர் அறிவார். இவ்வகையில் பொருந்தாப் பூச்சு பூசாமையிலும் கேடானது.

ஆகவே கழுவுதலே இந்த வேலையின் பாதி. அங்கேதான் நயினாதீவின் இரண்டாவது இடர்ப்பாடு எதிர்ப்படுகிறது. சுண்ணக்கல் நிலத்தடியில் கடல்நீரின் மேல் ஒரு மெல்லிய நன்னீர் வில்லை மிதக்க, அதிலிருந்தே தீவின் கிணறுகள் ஊறுகின்றன. கோடை முதிர முதிர அவற்றிற் பல உவர்க்கத் தொடங்குகின்றன. உவர்நீரால் கழுவி வெயிலில் காயவிடுவது உப்பை அகற்றி மீண்டும் உப்பைப் படியவிடுவதற்கு ஒப்பாகும். முதற் கழுவலுக்குக் கிணற்று நீரைப் பயன்படுத்தினாலும், கடைசி அலம்பலுக்குச் சேமித்த மழைநீரோ குடிக்கத்தக்க நன்னீரோ வேண்டும். ஒரு றேடியேற்றருக்கு ஒரு வாளி நீர் போதும். தண்ணீர் அருமையான ஊரில் அந்த ஒரு வாளியை உலோகத்துக்கு ஊற்றுவது வீண் என்று தோன்றக்கூடும். ஆனால் புதிய றேடியேற்றர் படகேறி வரும் செலவோடு ஒப்பிட்டால் அந்த வாளி மலிவானதே.

முறையாகச் செய்ய விரும்புவோர் எஞ்சின் முழுவதும் ஆறிய பின்னரே குளிர்நீரை வடித்து, றேடியேற்றரைக் கழற்றி எடுக்கவேண்டும். சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தத்தில் உள்ள நீர் முகத்தில் பீறிடும். குழாய் வாய்களையும், மூடியின் இருக்கையையும், விசிறியின் மின்தொடர்புகளையும் துணியாலும் மாஸ்கிங் ரேப்பாலும் அடைக்கவேண்டும். ஒயில் கூலரானால் ஒயிற் பிசுக்கை முதலில் தின்னரால் அகற்றவேண்டும். பிசுக்கின் மேல் எந்த வர்ணமும் பிடிக்காது, ஒயில் வாய்க்குள் ஒரு மணல் விழுந்தால் அது எஞ்சினின் பேரிங்குகள் வரை பயணம் செய்யும். சட்டமும் பக்கத் தொட்டிகளும் தெரியும் இடங்களை மெல்லிய சான்ட் பேப்பரால் தேய்த்து, அலுமினியத்தில் பற்றும் எற்சிங் பிறைமரை (உலோகத்தைச் சற்றே அரித்துப் பிடிக்கும் அடிப்பூச்சு) ஒரு கை ஓட்டமாகத் தெளிக்கவேண்டும். அதன் பின் கறுப்பை முகத்துக்கு நேராகவும், பின் இடமும் வலமும் சற்றுச் சரித்தும், ஒவ்வொரு முறையும் பனிபடிந்தாற்போல் மட்டும் தெளித்து, இடையே காயவிட்டு, இரண்டு அல்லது மூன்று தடவைகளோடு நிறுத்திவிடவேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்கையில் ஒவ்வொரு இடைவெளியும் திறந்திருப்பதே வேலை சரியாக நடந்ததற்கான அடையாளம்.

வேலைக்கேற்ற காலமும் உண்டு. மாரி மழை ஓய்ந்து சோளகம் எழுவதற்கு முன்னான பெப்ரவரி முதல் ஏப்ரல் வரையான அமைதிக் காலத்தில், பனி விலகி வெயில் ஏறத் தொடங்கும் முற்பகல் வேளையில் பூசினால் வர்ணம் ஈரத்தையும் உப்பையும் விழுங்காமல் காயும். சோளகத்தில் முற்றத்தில் வைத்துப் பூசுவது, காயாத வர்ணத்துக்குள் காற்று தூவும் உப்பை விதைப்பதாகவே முடியும்.

இவ்வளவு கவனத்தோடு செய்தாலும் ஸ்பிரேயால் முகத்திலிருந்து சில மில்லிமீற்றர் ஆழமே எட்டமுடியும் என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். தொழிற்சாலையில் முழுவதுமாக அமிழ்த்தியோ மின்முறையிலோ பூசப்படுவது போல் உள்மடிப்புகள் காக்கப்படுவதில்லை. ஆனால் தெறிக்கும் உப்பு முதலில் தாக்குவதும், கல் பட்டு உராய்வதும், அரிப்புத் தொடங்குவதும் அந்த முன்விளிம்புகளிலேதான். அங்கே ஒரு மெல்லிய தோல் இருப்பது பாகத்தின் ஆயுளை நீட்டும். உள்மடிப்புகளுக்கு அந்தத் தோல் எட்டாது என்பதால், வண்டி படகிலிருந்து இறங்கிய மாலையிலும், சோளக மாதங்களில் வாரத்துக்கு ஒருமுறையும், எஞ்சின் ஆறிய பின் மழைநீரை மேலிருந்து மெல்ல ஊற்றித் தகடுகளை அலம்பிவிடும் வழக்கத்தை உடையவர் கைக்கொள்ளவேண்டும். மாரியில் கூரைவழி இறங்கும் நீரில் ஒரு பீப்பாயை இதற்கென மூடி வைத்தால், அடுத்த சோளகம் முழுவதற்கும் அது போதும்.